மார்கழிக் குளிரில் ஒரு தூக்குக் கஞ்சி



இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும்போது கோயில் குடில் இன்னும் கலைக்கப்படாமல் இருக்கும். மூன்று அரசர்களும் ஒட்டகங்களோடு பாதி வழியில் நின்றுகொண்டிருப்பார்கள். உங்கள் அடுக்களையில் கிறிஸ்துமஸ் முறுக்கும் அதிரசமும் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கக்கூடும். 

சனவரி மாதப் பக்கத்தில் புத்தாண்டுத் தீர்மானங்களைப் பற்றியும், பனிக்காலத்துக்கு ஏற்ற பதார்த்தங்களைப் பற்றியும் எழுதும்படி ஆசிரியர் தந்தை கேட்டிருந்தார். இரண்டும் வெவ்வேறு செய்திகள் என்று அவர் எண்ணியிருப்பார். என் வரையில் இரண்டும் ஒரே பானையில் வெந்தவை. எப்படி என்பதைச் சொல்வதற்கு என்னைப் பற்றியே சற்றுப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் எனக்கு விட்டுச் சென்ற பழைய செபப்புத்தகம் ஒன்று உண்டு. அட்டை கிழிந்து, நூல் விட்டு, ஒரு துணி நாடாவால் கட்டப்பட்டிருக்கும். 2021 ஆம் ஆண்டின் கடைசி இரவு, நன்றி வழிபாட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் அதை எடுத்தேன். நாடா அவிழ்ந்தது. உள்ளேயிருந்து ஆறு மடித்த காகிதங்கள் தரையில் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டின் டிசம்பர் 31 அன்று நான் எழுதிய தீர்மானம். குனிந்து பொறுக்கி, விளக்கடியில் வைத்து வாசித்தேன். ஆறிலும் முதல் வரி ஒன்றே: கோபத்தை அடக்குவேன். இரண்டாவது வரி: தினமும் ஐம்பத்து மூன்று மணி செபத்தைக் குடும்பமாகச் சொல்வோம். மூன்றாவது, காப்பிக்குச் சர்க்கரையைக் குறைப்பேன். பிறகு சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு, வேத வாசிப்பு என்று கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. ஆறு ஆண்டுகளாக ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதிய மாணவியைப் போல நான் நின்றேன்.

அன்று நள்ளிரவுத் திருப்பலியில் என் மனம் பீடத்தில் இல்லை. சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று நம்மை ஒப்பிக்கச் சொல்வார்கள் அல்லவா? முதலில் பாவங்களை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, அவற்றுக்காக மனஸ்தாபப்பட வேண்டும். அதன் பிறகுதான் பிரதிக்கினை, அதாவது இனிச் செய்யமாட்டேன் என்னும் உறுதி. பிறகு அதைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்வதும், பரிகாரம் செய்வதும். உலகம் கொண்டாடுகிற புத்தாண்டுத் தீர்மானம் இந்த ஐந்தில் நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள இரண்டும் இல்லை. பின்னால் உள்ள இரண்டும் இல்லை. ‘கோபத்தை அடக்குவேன்’ என்று ஆறு முறை எழுதிய நான், யார்மீது கோபம் என்று ஒரு முறைகூட எழுதவில்லை. அந்தப் பெயரை எழுதக் கை கூசியிருக்கிறது.

பெயர் தெரியாத ஒருத்தி அல்ல அவள். என் கணவரின் தம்பி மனைவி. எனக்கு ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். பின்புறம் ஒரே கிணறு. கோயிலில் எங்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் அவள், ஐந்தாம் வரிசையில் நான். சமாதானத்தை ஒருவருக்கொருவர் அறிவிக்கும் வேளையில் நான் வலப்புறம் திரும்பிக் கைகூப்புவேன், இடப்புறம் திரும்பிக் கைகூப்புவேன், பின்னால் இருக்கிற குழந்தைகளுக்கும் கைகூப்புவேன். முன்னால் மட்டும் பார்க்கமாட்டேன். 2013 முதல் இப்படி.

சண்டையின் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வெண்கலப் பானை. என் மாமியார் அதில்தான் புத்தாண்டு காலையில் உளுந்தங்கஞ்சி வைப்பார்கள். “எனக்குப் பிறகு இது உனக்கு” என்று என்னிடம் சொன்னார்கள். அதையே அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். வயதானவர்கள்; இருவரையும் மகிழ்விக்க எண்ணியிருப்பார்கள். அவர்கள் இறந்து முப்பதாம் நாள் செபம் முடிந்த மாலையில், பானை என் அடுக்களையில் இருந்தது. அன்று பேசிய வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். பானையின் விலையைவிட அவை மிகவும் அதிகமாயின என்பது மட்டும் போதும். அதன் பிறகு அந்தப் பானையில் நான் கஞ்சி வைக்கவும் இல்லை. பரணில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சனவரி முதல் நாள் திருச்சபைக்கு என்ன நாள் என்று நம்மில் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பாட்டிமார் காலத்தில் அது ஆண்டவருடைய விருத்தசேதனத் திருநாள். திருவழிபாட்டு நாட்காட்டி 1969 இல் சீர்திருத்தப்பட்ட பின் மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா அந்நாளுக்கு உரியதாயிற்று. அதே நாளை உலக அமைதி நாளாகக் கொண்டாடும்படி அழைத்தவர் திருத்தந்தை ஆறாம் பவுல். நம் பெற்றோரின் நாவில் ஆறாம் சின்னப்பர். 1968 சனவரி 1 தொடங்கி ஆண்டுதோறும் அது நடைபெற்று வருகிறது. அந்த இரவும் எங்கள் பங்குத் தந்தை உலக அமைதிக்காக மன்றாடச் சொன்னார். போர் நடக்கும் நாடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று நான் உரக்கச் சொன்னேன். எனக்கும் அமைதிக்கும் நடுவே கடல் இல்லை, மலை இல்லை. இரண்டு பெஞ்சுகள்தான் இருந்தன. சொல்லவே வெட்கமாயிருக்கிறது.

வீடு திரும்பியதும் ஏழாவது காகிதத்தை நான் எழுதவில்லை. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் ஒரு வழி உண்டு. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548 இல் அங்கீகரித்த நூல் அது. துறவிகளுக்கு மட்டும் என்று எண்ணி நாம் ஒதுக்கிவிடுகிறோம். அடுக்களைக்கு அதைப் போல் பொருந்துவது வேறில்லை. பல குற்றங்களை ஒரே நாளில் திருத்தப் புறப்படாதே. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்பது அதன் சாரம். காலையில் எழுந்ததும் அந்த ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை தவறினோம் என்று பார்த்து, நாளுக்கு இரண்டாக வரைந்த கோடுகளில் புள்ளி வைக்க வேண்டும். தவறிய கணமே பிறர் அறியாமல் நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாளை முன்நாளோடும், மறுவாரத்தை முன்வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். பால் கணக்குக்காக மாட்டியிருந்த நாட்காட்டியின் பின்புறத்தில் நான் கோடுகள் வரைந்தேன்.

ஆனால் கோபத்தை விடுவது என்பது ஒன்றைச் செய்யாதிருப்பது மட்டும்தானே? செய்யாதிருப்பதைக் கையால் பிடிக்க முடியாது. கைக்கு ஒரு வேலை வேண்டும். விடிந்தால் சனவரி முதல் நாள், சனிக்கிழமை, மாதாவுக்கு உகந்த கிழமை. சனிக்கிழமைதோறும் ஒரு தூக்குக் கஞ்சி அந்த வீட்டுக்குப் போகும் என்று முடிவு செய்தேன். கிழமை உண்டு, வேளை உண்டு, பாத்திரம் உண்டு. இப்படிப்பட்ட தீர்மானத்தை மறந்துபோக இயலாது. அதிகாலை ஐந்து மணிக்கு நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து பானையை இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன். ஒன்பது ஆண்டுக் களிம்பு எளிதில் போகவில்லை.

கஞ்சிக்கு வருவோம். ‘தென்பாண்டிச் சீமையில் குளிர் ஏது’ என்று கொடைக்கானல், உதகைச் சகோதரிகள் சிரிப்பார்கள். புல்லின்மேல் உறைபனி படிவதைப் பார்க்கிறவர்கள் அவர்கள். உண்மைதான். எங்கள் தாமிரபரணிக் கரையில் குளிர் என்பது ஓர் உபசாரச் சொல். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர்கள் மார்கழியில் ஈரத்தைக் கக்கும். வைகறையில் வயல்களின் மேல் வெண்திரை விழும். முதியோருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும், குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகும். அந்த வேளைக்கு உளுந்து உகந்தது.

ஆறு பேருக்கு: தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 150 கிராம், பச்சரிசி 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, உரித்த பூண்டு இருபது பல், தேங்காய் நடுத்தரமாக ஒன்று, கருப்பட்டி 200 கிராம், சுக்கு ஒரு சிறு துண்டு, ஏலக்காய் இரண்டு. உளுந்தை வெறும் வாணலியில் மிதமான நெருப்பில் வறுக்க வேண்டும். வறுத்ததை அரிசியோடு சேர்த்துக் கழுவி, வெந்தயமும் பூண்டும் போட்டு, ஆறு தம்ளர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். குக்கரில் ஐந்து, ஆறு விசில். பானையில் என்றால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பூண்டு இனிப்பில் சேருமா என்று ஐயப்படாதீர்கள். வெந்தபின் அது இருக்குமிடம் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். நன்றாக வெந்ததும் மத்தால் ஒரு முறை மசித்துவிடுங்கள்.

கருப்பட்டியைத் தனியே அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் மணல் இருக்கும். பருப்பு முழுதும் வேகும் முன்னே இனிப்பைச் சேர்த்துவிட்டால் அதன்பின் எவ்வளவு எரித்தாலும் பருப்பு மசியாது. அவசரக்காரர்கள் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். முதலில் இரண்டாம் தேங்காய்ப் பாலை ஊற்றி ஒரு கொதி. பிறகு கருப்பட்டிப் பாகு, தட்டிய சுக்கு, ஏலம். கடைசியில் முதற்பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் உடனே இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரிந்துபோகும்.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பங்கைக் கருப்பட்டி சேர்க்கும் முன்பே எடுத்து உப்பிட்டுக் கொடுங்கள். கருப்பட்டி சர்க்கரை நோயாளிகளைப் பாதிக்காது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. பனை தந்தாலும் கரும்பு தந்தாலும் இனிப்பு இனிப்புத்தான். உப்புக் கஞ்சிக்கு எள்ளுத் துவையல் நல்ல துணை: எள்ளை வெடிக்க வறுத்து, மிளகாய் வற்றல், புளி, உப்பு, இரண்டு பல் பூண்டு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் போதும்.

கஞ்சி தயாராயிற்று. கொண்டுபோகும் துணிவுதான் எனக்கு வரவில்லை. இளைய மகனிடம் தூக்கைக் கொடுத்து அனுப்பினேன். “சித்தி வாங்கிக்கொண்டார்கள்” என்றான். “என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன். “ஒன்றும் சொல்லவில்லை” என்றான். மாலையில் தூக்கு திரும்பி வந்தது. நன்றாகக் கழுவியிருந்தது. திறந்து பார்த்தேன்; உள்ளே ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். ஆகவே அந்த வெறும் தூக்கு எனக்குப் பேசியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். நாட்காட்டியின் பின்புறம் அன்று நான்கு புள்ளிகள். முதல் நாளே நான்கு! இரண்டாம் சனிக்கிழமையும் வெறும் தூக்கு. மூன்றாவதும் அப்படியே. “போதும், உன் கடமையைச் செய்துவிட்டாய்” என்றார் என் கணவர். அவர் நல்லவர், ஆனால் தம்பியோடு அவருக்குப் பேச்சு நிற்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் கிணற்றடியில் பல் துலக்கும்போது எல்லாவற்றையும் பேசி முடித்துக்கொள்கிறார்கள்.

நான் நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் புண்ணியம் அல்ல, பிடிவாதம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிடிவாதத்தையும் ஆண்டவர் சில வேளைகளில் பயன்படுத்திக்கொள்கிறார் போலும். ஆறாம் சனிக்கிழமை தூக்குக்குள் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருந்தது. ஈர்க்கு நீக்கி, ஆய்ந்த கீரை.

அப்போதுதான் சுக்கு மல்லிப் பொடியையும் சேர்த்து அனுப்பினேன். அவளுக்குப் பனிக்காலத்தில் இருமல் வரும் என்பது எனக்குத் தெரியும். சுவருக்கு அப்பாலிருந்து ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே! அதன் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மல்லி விதை நூறு கிராம், சுக்கு இருபத்தைந்து கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்து. மல்லியை மணம் வரும் வரை வறுத்து, சுக்கைத் தட்டி, எல்லாவற்றையும் சேர்த்துப் பொடித்துச் சலித்துவையுங்கள். ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி, நாலு துளசி இலை, சிறிது கருப்பட்டி. முக்கால் தம்ளராக வற்றும்வரை கொதிக்கட்டும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகைத் தள்ளிவிடலாம். இது தொண்டைக்கு இதமே தவிர மருந்து அல்ல. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவக்காலம் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 2 அன்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு வரிசையில் திரும்பியபோது அவள் எதிரே வந்தாள். இருவரும் விலகிக்கொண்டோம். மறுவாரம் சனிக்கிழமை மகனுக்குத் தேர்வு. தூக்கைக் கொண்டுபோக ஆள் இல்லை. நானே எடுத்துக்கொண்டு, சுவரைச் சுற்றி, அவள் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். வார்த்தை வரவில்லை. தூக்கை நீட்டினேன். தவக்காலம் என்பதால் உப்புக் கஞ்சி. வாங்கித் திறந்தாள். முகர்ந்து பார்த்தாள்.

“உளுந்தைக் கருக விட்டிருக்கிறீர்களே, அக்கா.”

ஒன்பது ஆண்டுகளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். எனக்கு எப்படி இருந்திருக்கும்! பத்து வாரம் கஞ்சி சுமந்தவளுக்கு இதுவா பரிசு? நெஞ்சில் கை போயிற்று. அதற்குள் அவளே, “மணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், நிறம் மாறக் காத்திருக்கக் கூடாது. அத்தை அப்படித்தான் செய்வார்கள்” என்றாள். அத்தை என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றது. அவர்கள் இறந்தபின் அவர்களைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து பேசியதே இல்லை. இருவரும் அழுதோம் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், அப்படி நடக்கவில்லை. “சரி” என்றேன். “உட்காருங்கள்” என்றாள். உட்காராமல் வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்தேன். ஆகவே, சகோதரிகளே, மேலே எழுதிய அளவுகள் என்னுடையவை. வறுக்கும் பக்குவம் மட்டும் அவளுடையது.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உறவைச் சரிசெய்துகொள் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னதைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். எனக்கு அதைவிட நெருக்கமாகப்பட்டவை யோவான் நற்செய்தியில் வருகிற இரண்டு நெருப்புகள். பதினெட்டாம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் முற்றத்தில் குளிருக்காகக் கரி நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். அதில் குளிர்காய்ந்துகொண்டே பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்கிறார். இருபத்தோராம் அதிகாரத்தில், விடியற்காலையில், திபேரியாக் கடற்கரையில் மீண்டும் ஒரு கரி நெருப்பு. அதன்மேல் மீன், அருகில் அப்பம். உயிர்த்த ஆண்டவர் இரவெல்லாம் உழைத்து வந்தவர்களைச் சாப்பிட அழைக்கிறார். பேதுருவிடம் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரி நெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறதாம். நற்செய்தியாளர் இரண்டு நெருப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார் என்று விளக்கவுரைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுப்படியில் நிற்கிற நமக்கு விளக்கவுரை அதிகம் வேண்டாம். முதலில் பசி ஆற வேண்டும், பேச்சு அதன்பின்.

இனி 2023 டிசம்பருக்கு வருகிறேன். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் அந்த 17, 18 தேதிகளை யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அருகிலுள்ள ஊரார், தாங்களே வெள்ளத்தில் இருந்துகொண்டு, சமைத்துப் போட்டதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

எங்கள் தெருவில் அவள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. விடியுமுன் முழங்கால் அளவு தண்ணீர். அவர்கள் ஐவரும் எங்கள் மாடிக்கு ஏறிவந்தார்கள். பிறகு பக்கத்து வீட்டார், எதிர் வீட்டுப் பெரியவர், அவருடைய பேரப்பிள்ளைகள் என்று இருபத்து மூன்று பேர் ஆனோம். கோயிலுக்குப் போகிறவர், குமரன் கோயிலுக்குப் போகிறவர் என்ற பேதம் அந்த மாடியில் இல்லை. மின்சாரம் நான்கு நாள் இல்லை. எரிவாயு உருளையை ஆண்கள் தோளில் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். பரணில் இருந்த உளுந்தும் அரிசியும் கருப்பட்டியும் மட்டும் நனையாமல் தப்பின. இருபத்து மூன்று பேருக்கு வைக்கக்கூடிய பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “நீயே வை” என்றேன். நான்கு நாளும் அவள்தான் வைத்தாள். தேங்காய் கிடைக்கவில்லை, பாலில்லாத கஞ்சி. அதைப்போல் ஒரு கஞ்சியை நான் அதற்குப் பின் குடித்ததில்லை.

2024 புத்தாண்டுக்கு எங்கள் கோயிலிலும் வீடுகளிலும் சேற்றுவாடை போகவில்லை. பட்டாசு இல்லை, புத்தாடை இல்லை. கஞ்சி மட்டும் உண்டு. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அவள் மகள் வந்து, “அம்மா பானையைக் கேட்டார்கள்” என்றாள். கொடுத்தனுப்பினேன். தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பொங்கல் முடிந்தது. பானை திரும்பி வரவில்லை. தவக்காலம் வந்தது, பாஸ்கா வந்தது, மாதா திருநாள் வந்தது, பானை வரவில்லை. “கேட்கட்டுமா?” என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன். ஒரு நாள் மட்டும் இரவில் படுத்துக்கொண்டு அதைப் பற்றி நினைத்தேன். நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்தேன்.

சனிக்கிழமைத் தூக்கு இன்னும் போய் வருகிறது. சில வாரம் கொள்ளு ரசம், சில வாரம் அவளிடமிருந்து எனக்கு வருகிற மிளகுக் குழம்பு. அவளுடைய நாக்கு கூர்மைதான், என்னுடையதும் அப்படியே. சென்ற மாதம்கூடக் கிணற்று வாளிக் கயிற்றைப் பற்றி ஒரு சிறு சண்டை வந்து, மூன்று நாளில் தீர்ந்தது.

இந்தப் புத்தாண்டுக் கஞ்சி அவள் வீட்டில். திருப்பலி முடிந்ததும் எல்லாரும் நேரே அங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். உளுந்து வறுக்க நான் வரவேண்டியதில்லையாம். தேங்காய் துருவ மட்டும் ஐந்து மணிக்கு வந்தால் போதுமாம்.